ஓசையற்ற அழுகை

நோய்களின் பெயர்களிற் பெரும்பாலானவை கிரேக்கத்திலிருந்தும் இலத்தீனிலிருந்தும் வந்தவை. அவற்றிடையே நமது தீவின் மண்வாசனையோடு உலகெங்கும் வழங்குகின்ற பெயர் ஒன்றும் உண்டு. அதுவே பெரிபெரி. சிங்களத்தில் 'பெரி' என்பதுபோல் ஒலிக்கும் சொல்லுக்கு 'முடியாது' என்பது பொருள். எழுந்திருக்க முடியாது, நடக்க முடியாது, மூச்சுவிட முடியாது என்று தளர்ந்துபோன நோயாளி இருமுறை அடுக்கிச் சொன்ன அச்சொல்லே நோயின் பெயராக நிலைத்தது என அகராதியாளர் பலர் கொள்வர். வளர்ந்தவர்களுக்கு 'முடியாது' என்று சொல்வதற்கேனும் வாய் உண்டு. அந்த ஒரு சொல்லையும் சொல்ல இயலாத நோயாளி ஒருத்தியைப் பற்றி இங்கு எழுத விழைகின்றேன். அவளுக்கு அப்போது வயது மூன்று மாதம்.

1986ஆம் ஆண்டு, வடபுலத்து வைத்தியசாலை ஒன்றிலே உள்ளகப் பயிற்சியில் இருந்தேன். ஒரு மாலைப்பொழுதிற் குழந்தைகள் விடுதிக்கு ஓர் இளந்தாய் தன் குழந்தையை ஏந்தி ஓடிவந்தாள். கொழுகொழுவென்றிருந்த குழந்தை. தாய்ப்பாலைத் தவிர வேறெதையும் அறியாதது. முதல்நாள்வரை நன்றாக இருந்த பிள்ளை காலையிலிருந்து பால் குடிக்கவில்லை, இருமுறை சத்தியெடுத்தது என்றாள். மூச்சு விரைந்தோடிற்று. நாடித்துடிப்பை எண்ணி முடிக்க இயலவில்லை. ஈரல் விலா எலும்புக்குக் கீழே இறங்கி என் விரல்களில் தட்டுப்பட்டது. காய்ச்சல் இல்லை.

"பிள்ளை அழுகுது டொக்டர், ஆனால் சத்தம் வரேல்லை," என்றாள் அந்தத் தாய்.

நான் அதனைக் கேட்டேன். ஆயினும் செவிமடுத்தேன் என்று சொல்லமாட்டேன். குழந்தையின் வாய் திறந்தது, முகம் சுருங்கிச் சிவந்தது, கண்ணீரும் வந்தது. ஓசை மட்டும் எழவில்லை. களைப்பினால் அவ்வாறு நேர்ந்தது என எண்ணிக்கொண்டேன். நியூமோனியா என்று குறிப்பேட்டில் எழுதினேன். ஒட்சிசன் கொடுத்தோம், நுண்ணுயிர்கொல்லி ஊசி போட்டோம், பால் குடியாத பிள்ளையாயிற்றே என்று நாளத்தினூடாகக் குளுக்கோசுக் கரைசலும் ஏற்றினோம். பாடநூல் சொன்னவை யாவும் வழுவின்றி நடந்தன. விடியற்புறம் நான்கு மணியளவிற் குழந்தை இறந்துபோயிற்று. கடைசிவரை அதன் குரலை நாங்கள் எவருமே கேட்கவில்லை.

மேற்படிப்புக்கான பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்த நாட்களிலே, நூலகத்தின் அடித்தட்டிற் கிடந்த வெப்பமண்டல மருத்துவ நூலொன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். குழந்தைப் பெரிபெரி என்ற தலைப்பின் கீழ் மூன்று வடிவங்கள் விவரிக்கப்பட்டிருந்தன. ஒன்று முதல் மூன்று மாதம்வரையுள்ள சிசுக்களில் இருதயம் திடீரெனத் தளரும். நன்றாக வளர்ந்த பிள்ளை சில மணிநேரத்தில் இறக்கவுங்கூடும். நான்கு முதல் ஆறு மாதத்திற் குரல்வளையின் நரம்பு செயலிழந்து, குரல் கரகரத்து, ஈற்றில் அழுகை ஓசையற்றுப்போகும். ஏழு முதல் ஒன்பது மாதத்தில் மூளைக்காய்ச்சல் போன்ற தோற்றம் உண்டாகும்; கண்கள் நிலையின்றி அசையும், வலிப்பு வரும், ஆனால் முண்ணாண் பாய்பொருளைச் சோதித்தாற் குற்றமெதுவும் தென்படாது. இவ்வெல்லைகள் கோடு கீறியாற்போல் அமைவனவல்ல. ஒரு வடிவம் மற்றொன்றோடு கலந்தும் வரும்.

அந்தப் பக்கத்தை நான் மீண்டும் மீண்டும் படித்தேன். விரைந்த நாடி, பருத்த ஈரல், காய்ச்சலின்மை, ஓசையற்ற அழுகை. அக்குழந்தைக்கு வந்தது பெரிபெரிதான் என்று இன்றும் நான் சத்தியஞ் செய்யமாட்டேன். அது எங்கள் பகுதியில் அரிதாகவே காணப்படும் நோய். நிறுவுவதற்குச் சான்றும் இல்லை. அன்றிரவு அது என் நினைவில் எழவேயில்லை என்பதை மட்டும் சத்தியஞ் செய்வேன்.

இந்நோயின் காரணம் தயமின் எனப்படும் விற்றமின் பீ1 இன் பற்றாக்குறை. நாம் உண்ணும் மாச்சத்து குளுக்கோசாகி, குளுக்கோசு பைரூவிக்கமிலமாக உடைந்து, பின்னர் கலங்களினுள் எரிந்து சக்தியைத் தருகிறது. பைரூவிக்கமிலத்தை அடுத்த படிக்கு ஏற்றிவிடும் நொதியம் தயமினின் துணையின்றி இயங்காது. அத்துணை இல்லாதபோது பைரூவிக்கமிலம் இலத்திக்கமிலமாக மாறி இரத்தத்திலே தேங்கும். ஓயாது உழைக்கும் இருதயமும் ஓயாது சக்தியை வேண்டும் மூளையும் நரம்பும் முதலிற் பசியால் வாடும். உணவிலே மாச்சத்து மிகுந்தோறும் தயமினின் தேவையும் மிகும். எனவே, தயமின் இல்லாத உடலுக்குக் குளுக்கோசுக் கரைசலை மாத்திரம் ஏற்றுவது அடைபட்ட வாய்க்காலில் மேலும் நீரைத் திறந்துவிடுவதை ஒக்கும். நான் ஏற்றிய அந்தக் கரைசலை நினைத்துப் பின்னர் பல இரவுகள் உறக்கமின்றிக் கழிந்தன.

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 30 மில்லிகிராம் தயமினே சேமிப்பாக உண்டு. அது இரண்டு மூன்று வாரத்துக்குமேல் நில்லாது. சிசுவுக்கோ தாய்ப்பாலே ஒரே ஊற்று. தாயின் உணவிலே தயமின் குறைந்தாற் பாலிலும் குறையும். தாய் நோயாளியாகத் தோன்றவேண்டுமென்பதில்லை. கைகால் சற்று விறைக்கிறது என்பாள். பிள்ளைபெற்ற அலுப்பு என்று வீட்டார் விட்டுவிடுவர். தாயிடத்திற் பதுங்கியிருக்கும் குறை பிள்ளையிடத்தில் வெளிப்படும். ஆதலால் பிள்ளையை மாத்திரம் பரிசோதிக்கும் வைத்தியன் நோயின் பாதியையே பரிசோதிக்கிறான்.

தயமின் நெல்லில் இல்லாமலில்லை; அது தவிட்டிலும் முளையிலும் தங்கியிருக்கிறது. ஆலையில் அரிசியைத் தீட்டும்போது அது தவிட்டோடு போய்விடுகிறது. எஞ்சியதிலும் ஒரு பங்கு அரிசி கழுவும் நீரிலும் வடித்த கஞ்சியிலும் கரைந்து போகும். என் பாட்டியார் நெல்லைக் கிடாரத்தில் ஊறவைத்து, அவித்து, முற்றத்துப் பாயிற் காயவிட்டு, உரலிற் குத்துவார். அவித்த நெல்லின் மணம் தெருமுனைவரை வீசும். உமியோடு ஊறி அவியும்போது தவிட்டிலுள்ள தயமினின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கி ஊன்றிவிடும். பின்னர் தீட்டினாலும் முற்றாக நீங்காது. பாட்டியார் இவ்விஞ்ஞானத்தை அறிந்தவரல்லர். அவருக்குத் தெரிந்ததெல்லாம் புழுங்கலரிசிச் சோறு உடம்புக்கு உறுதி என்பதே.

அவருடைய தலைமுறையினர் பலர் பிழைப்புத் தேடிச் சென்ற மலாயாவிலேதான் இவ்வுண்மை உலகின் கண்ணிற் பட்டது. அங்கே சீனத் தொழிலாளரிடையே பெரிபெரி பெருகி உயிர்களைக் கொள்ளைகொண்டது. தமிழ்த் தொழிலாளரிடையே அரிதாகவே காணப்பட்டது. முன்னவர் உண்டது சீயத்திலிருந்து வந்த தீட்டிய பச்சையரிசி, பின்னவர் உண்டது புழுங்கலரிசி. இவ்வேறுபாட்டை வற்புறுத்திப் பிராடன் என்ற ஆங்கில வைத்தியர் 1907இல் ஒரு நூலே எழுதினார். அதே காலப்பகுதியிற் பிளெச்சர் என்பார் கோலாலம்பூர் மனநோய் இல்லத்தில் இருந்தோரை இரு பகுதியாக்கி இரு வகை அரிசியையும் அளித்துப் பார்த்தார். பச்சையரிசிப் பகுதியினரே நோயுற்று மாண்டனர். அதற்கு முன்னரே பத்தாவியாவில் ஒல்லாந்த வைத்தியர் ஐக்மன், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிடு கொடுத்தபோது அவை எழுந்து நடப்பதையும் கண்டிருந்தார். 1926இல் யான்சன், டொனாத் என்போர் யாவாவிலே அச்சத்தைத் தவிட்டிலிருந்து பளிங்குருவாகப் பிரித்தெடுத்தனர். ஐக்மன் 1929இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1936இல் அமெரிக்கரான வில்லியம்சு அதனைச் செயற்கையாக ஆக்கும் வழியை அறிவித்தார்.

சிசுக்களின் கதை சற்று வேறானது. தாய்ப்பாலுண்ணும் பிள்ளைகளுக்கு இந்நோய் வருவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் யப்பானிய வைத்தியர் ஹிரோத்தா எடுத்துக்காட்டினார். 1912இல் பிலிப்பைன்சில் சேம்பர்லெயின், வெடர் ஆகிய இருவரும் அரிசித் தவிட்டின் சாற்றை நோயுற்ற சிசுக்களுக்குப் புகட்டிக் குணங் கண்டனர். இறக்கும் தறுவாயிலிருந்த பிள்ளையைத் தவிட்டு நீர் மீட்டது! இதனினும் எளிய மருந்து எங்கேயுண்டு? வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்திற் பெரும்பகுதியை உணவுக்கே ஒதுக்கியதன் பொருள் எனக்கு இவ்விடத்திலேதான் விளங்கிற்று.

இனி 1999ஆம் ஆண்டுக்கு வருகிறேன். அப்போது வேறோர் ஊரின் சிறிய வைத்தியசாலையில் நான் குழந்தை வைத்தியத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். நான்கு மாத ஆண் குழந்தை ஒன்றைக் கொண்டுவந்தனர். மூச்சு விரைவு, பால் மறுப்பு, பருத்த ஈரல், சற்றே வீங்கிய பாதம். தாதி ஊசி ஏற்றக் குழந்தை வாயைத் திறந்து அழுதது. ஓசை எழவில்லை. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர் அதே அழுகை.

இம்முறை நான் தாயின் பக்கந் திரும்பினேன். "தங்கச்சி, பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள்?"

அவள் தன் தாயைப் பார்த்தாள். ஆச்சி பெருமிதத்தோடு விடை சொன்னார்: "பத்தியந்தான் தம்பி, ஒண்டிலும் பிழைவிடேல்லை. சோறும் மிளகுதண்ணியும். பருப்பு வாய்வு, மீன் கிரந்தி எண்டு ஒண்டும் குடுக்கேல்லை."

"எந்த அரிசி ஆச்சி?"

"கடையில வாங்கிற வெள்ளைப் பச்சைதான். நாலு தண்ணியில கழுவி, கஞ்சியை வடிச்சுத்தான் குடுக்கிறனான்."

குழந்தைகள் விடுதியின் மருந்துப் பெட்டியில் தயமின் ஊசி இல்லை. அது ஆண்கள் விடுதியில் இருந்தது. மதுவுக்கு அடிமையானோருக்கென்று அங்கே வைத்திருப்பர். ஊழியர் ஒருவர் ஓடிச்சென்று எடுத்துவந்தார். குளுக்கோசு ஏற்றுமுன்பாகவே 50 மில்லிகிராமை நாளத்தினூடாக மிக மெதுவாகச் செலுத்தினேன். நுண்ணுயிர்கொல்லியையும் நிறுத்தவில்லை, ஏனெனில் என் ஐயம் பிழையாயின் பிள்ளை அதனால் துன்புறக்கூடாது. பின்னர் கட்டிலருகே கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

முதலில் நாடி இறங்கிற்று. மூன்று மணிநேரத்தில் மூச்சு இளகிற்று. நள்ளிரவு கடந்தபோது குழந்தை நிறையச் சிறுநீர் கழித்தது; துணியை மாற்றிய தாதி அதனை ஒரு நற்செய்திபோல் வந்து சொன்னார். விடியற்புறம் நான்கு மணிக்கு அது தாயின் மார்பைத் தேடிற்று. அந்த நான்கு மணியை நான் எவ்வாறு எதிர்நோக்கியிருந்தேன் என்பதை எவரிடமும் சொல்லவில்லை.

இந்நோயின் இயல்பு மாணவர் மனங்கொள்ளத்தக்கது. பெரும்பாலான நோய்களில் முதலிற் சோதனை, பின்னர் மருந்து. இங்கே மருந்தே சோதனையாகிறது. செங்குருதிக் கலங்களில் உள்ள திரான்சுக்கீற்றொலேசு என்ற நொதியத்தின் செயற்பாட்டை அளக்கலாம். இரத்தத்திலுள்ள தயமின் இருபொசுபேற்றையும் அளக்கலாம். ஆனால் அவ்வசதி பெரிய ஆய்வுகூடங்களுக்கே உண்டு. விடை வரும்வரை பிள்ளை காத்திராது. இயலுமாயின் மருந்துக்கு முன்னர் சிறிது இரத்தத்தை எடுத்து வைக்கலாம். அதற்காக மருந்தைத் தாமதிக்கலாகாது. இரத்தத்தில் இலத்திக்கமிலம் மிகுந்திருத்தல், எதிரொலிப் படத்தில் இருதயத்தின் வலப்புறம் விரிந்திருத்தல் ஆகியன ஐயத்தை வலுப்படுத்தும். நியூமோனியா, குருதி நஞ்சாதல், பிறவி இருதய நோய், மூளைக்காய்ச்சல் என்பன யாவும் இதே முகத்தோடு வரக்கூடும். ஆகவே அவற்றையும் தேடவேண்டும். தயமின் மலிவானது, ஒவ்வாமை மிக அரிது. தேவையற்ற பிள்ளைக்குக் கொடுத்தால் நட்டம் சிறிது, தேவையான பிள்ளைக்குக் கொடாவிடின் நட்டம் பெரிது.

உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, ஆபத்தான நிலையிலுள்ள சிசுவுக்கு 25 முதல் 50 மில்லிகிராம் நாளத்தினூடாக மிக மெதுவாகவும், அடுத்து ஏறத்தாழ ஒரு வாரம் நாடோறும் 10 மில்லிகிராம் தசையூசியாகவும், அதன்பின் குறைந்தது ஆறு வாரம் நாடோறும் 3 முதல் 5 மில்லிகிராம் வாய்வழியாகவும் அளிக்கவேண்டும். அண்மைக்காலத்தில் முதல் ஊசிக்கு 100 மில்லிகிராம்வரை கொடுப்போரும் உளர். தாய்க்கும் மருந்து கொடுத்தாக வேண்டும். அன்றேல் தேறிய பிள்ளையை அதே வற்றிய ஊற்றுக்கே திருப்பி அனுப்புகிறோம். இருதயத் தளர்ச்சி பெரும்பாலும் சில மணிநேரத்தில் இளகத் தொடங்கும். குரல் திரும்ப வாரங்கள் செல்லும். மூளை தாக்குண்டபின் வந்த மருந்து முழுமையாக ஈடுசெய்யாது. 2003இல் இசுரவேலில் தயமின் இடப்படாத சோயாப் பால்மாவைக் குடித்த சிசுக்கள் நோயுற்றனர், சிலர் இறந்தனர், பிழைத்தோரிற் சிலர் வலிப்பாலும் பேச்சுக் குறையாலும் பின்னாளிலும் வருந்தினர்.

இது பழங்கதையென்று எண்ணுவார்க்கு ஒன்று கூறுவேன். தாய்லாந்து எல்லையிலே கரேன் அகதிகளிடையே 1980களின் இறுதியில் உயிரோடு பிறந்த ஆயிரம் சிசுக்களில் 183 ஓராண்டுக்குள் இறந்தன; முதன்மைக் காரணம் பெரிபெரி என்பது பின்னரே தெரியவந்தது. நோயை இனங்கண்டு சிகிச்சை அளித்த பின்னர் 1990களின் நடுப்பகுதியில் அத்தொகை 78 ஆயிற்று. இலாவோசு, கம்போடியா, காசுமீரம் ஆகிய இடங்களிலிருந்தும் இந்நூற்றாண்டிலே செய்திகள் வந்துள்ளன. கருநாடகத்திலும் தாய்ப்பால் மாத்திரம் உண்ட சிசுக்கள் நுரையீரல் நாடியழுத்தம் மிகுந்து வைத்தியசாலைக்கு வந்து, தயமினாற் குணமடைந்தமை பதிவாகியுள்ளது. தீட்டிய அரிசியும், பிள்ளைபெற்ற தாயின் இறுக்கமான உணவு விலக்குமே இவ்விடங்களில் மீண்டும் மீண்டும் ஒருசேரக் காணப்படுவன.

எங்கள் பத்தியத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி அரைத்து, மீனோ முருங்கைப்பிஞ்சோ இட்டுச் சமைக்கும் சரக்குக்கறி தாயைத் தேற்றும் உணவு. அதனோடு புழுங்கலரிசிச் சோறும் இருந்த காலத்திற் குறையேதும் நேரவில்லை. காலப்போக்கில் அரிசி மாறிற்று. விலக்கு மட்டும் மாறாது நின்றது. சில வீடுகளில் விலக்கு மேலும் இறுகிற்று. இரண்டும் சேர்ந்தபோது அன்பே குறையாயிற்று. அந்த ஆச்சியை நான் கடிந்துகொள்ளவில்லை. பாடநூலில் ஒன்றையும் வழுவாத நான், பத்தியத்தில் ஒன்றையும் வழுவாத அவரைக் கடிந்துகொள்ள என்ன உரிமை உடையேன்? பருப்பும் பயறும் மீனும் சேர்க்கும்படியும், அவித்த நெல்லின் அரிசியே வாங்கும்படியும் சொன்னேன். "உந்தப் பழைய அரிசியோ தம்பி? அது முந்தி நாங்கள் திண்டதுதானே," என்று வியந்தார்.

ஆறு வாரங் கழித்து அவர்கள் மருந்து முடிந்து காட்ட வந்தனர். வெளிநோயாளர் பகுதியில் வழமையான இரைச்சல். என் அறைக்கு அவர்கள் வந்துசேரும் முன்னரே, நடைக்கூடத்தின் மறுமுனையில் ஒரு குழந்தை தொண்டை கிழிய வீரிட்டழும் ஓசை கேட்டது. நிறை பார்க்கத் தட்டிலே கிடத்தியதற்குக் கோபம். தாய் வெட்கத்தோடு, "மன்னியுங்கோ டொக்டர், சரியான அழுகை," என்றாள்.

அழட்டும் என்றேன். சிறிது நேரம் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்று புதிய மாணவர்களைக் குழந்தைகள் விடுதிக்கு அழைத்துச் செல்லும்போது, நெஞ்சொலிமானியைக் காதில் மாட்டுமுன் பிள்ளை அழுவதைக் கேளுங்கள் என்கிறேன். அதன்பின் தாய் என்ன உண்டாள் என்று கேளுங்கள் என்கிறேன். அவ்விரண்டையும் 1986இல் நான் கேட்கவில்லை.